கையைத் தூக்காத பிள்ளைகள்: ஒரு பத்தாம் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

“புரிஞ்சுதா?” என்று கேட்டால் “புரிஞ்சுது மிஸ்” என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். அந்தச் சத்தத்தை நம்பிப் பதினான்கு வருடம் அறிவியல் பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தக் கல்வியாண்டில், ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நான்காவது பீரியடில் அந்த நம்பிக்கை போயிற்று. அன்று என்ன நடந்தது, அதற்கு முன்னால் எவற்றையெல்லாம் முயன்று கைவிட்டேன், பிறகு என்ன மாறியது என்பதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன். கையில் ஒரு போனும் ஒரு பழைய லேப்டாப்பும் மட்டும் வைத்துக்கொண்டு, இணையத்தில் கிடைப்பதை வகுப்புக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று தவிக்கும் ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

வகுப்பும் அறையும்

வடசென்னையில், வியாசர்பாடிக்கும் பெரம்பூருக்கும் இடையில் உள்ள ஓர் அரசு உதவிபெறும் பள்ளி. பத்தாம் வகுப்பு, தமிழ்வழி, 38 பிள்ளைகள். அப்பாமார்கள் ஆட்டோ ஓட்டுகிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள். அம்மாமார்களில் பலர் விடியற்காலையிலேயே இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்துதான் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புகிறார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத வீடு இந்த வகுப்பில் இல்லை. ஆனால் அது வீட்டுக்கு ஒன்று, பகல் முழுக்க அப்பாவின் சட்டைப் பையில் இருப்பது. இது எனக்கு முன்பே உறைத்திருந்தால் ஜூலை மாதம் வீணாகியிருக்காது.

பள்ளியில் ஒரு புரொஜெக்டர் உண்டு. முதல் நாளே நோட்டில் எழுதிவைத்தால்தான் மறுநாள் கிடைக்கும். திரை கிடையாது, வெள்ளையடித்த சுவர்தான். ஜன்னலில் சார்ட் ஒட்டி வெளிச்சத்தை மறைத்துக்கொள்வோம். பிள்ளைகள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பது பள்ளியின் விதி, எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆக என் லேப்டாப், என் போன், அதில் நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா. கையிருப்பு அவ்வளவே.

ஒரு மாணவனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பீகாரிலிருந்து வந்து ஏழாம் வகுப்பில் சேர்ந்தவன். அவன் அப்பா மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தில், மாதவரத்திலிருந்து சிப்காட் வரை போகும் தடத்தில் கம்பி கட்டும் வேலை பார்க்கிறார். மைதானத்தில் அவன் பேசுவதைக் கேட்டால் வியாசர்பாடியிலேயே பிறந்தவன் என்று நினைப்பீர்கள். பாடப்புத்தகத் தமிழ் வந்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். இப்படிப்பட்ட பிள்ளைகள் இன்று சென்னையின் பல பள்ளிகளில் இருக்கிறார்கள். ஜூன் மாதம் என் குறிப்பேட்டில் அவனைப் பற்றி எழுதியது: “அமைதியானவன். சுமாராகப் படிப்பான்.” இரண்டாவது வாக்கியம் தவறு என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

ஜூலை: கைவிட்டவை

முதலில் கூகுள் ஃபார்ம்ஸ். பத்துக் கேள்வி தயாரித்து, மாலை ஐந்து மணிக்கு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரவு பத்து மணிக்குள் 11 பேர் பதில் அனுப்பினார்கள். மறுநாள் காலைக்குள் இன்னும் எட்டுப் பேர். அந்த எட்டிலும் ஒரே இரண்டு கேள்விகள் ஒரே மாதிரி தப்பு. யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட் சுற்றியிருக்கிறது. இரண்டாவது வாரம் ஒரு பெண் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். “மிஸ், அப்பா நைட்டு பத்து மணிக்குத்தான் வராரு. வந்ததும் போன் கேட்டா திட்டுறாரு. மார்க்கு கம்மி பண்ணிடுவீங்களா?” பதில் அனுப்பிய 11 பேரும் வகுப்பில் எப்போதும் கையைத் தூக்குகிறவர்கள்தான். எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை, பயம் மட்டும் புதிதாகச் சேர்ந்தது. நிறுத்திவிட்டேன்.

அடுத்து கஹூட் போன்ற, போனில் பதிலைத் தொட்டு விளையாடும் நேரடி வினாடி வினாப் போட்டிகள். ஆளுக்கொரு போன் வேண்டும் என்பதால், என் போனையும் இன்னொரு ஆசிரியையின் போனையும் வைத்து அணி பிரித்துப் பார்த்தேன். சீக்கிரம் தொட்டால் அதிகப் புள்ளி என்பது அதன் அமைப்பு. ஒவ்வொரு அணியிலும் துடுக்கான ஒரு பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டது, மற்றவர்கள் கத்தினார்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு நல்ல பொழுது. யோசிக்க நேரம் வேண்டிய பிள்ளைக்கு அதில் இடமில்லை.

மூன்றாவதாக ஓர் இலவச வினாடி வினா செயலி. பெயர் வேண்டாம். சுவரில் கேள்வி ஓடிக்கொண்டிருந்தபோது நடுவில் ஆன்லைன் ரம்மி விளம்பரம் ஒன்று பெரிதாக வந்து நின்றது. மூடுவதற்கான பெருக்கல் குறி வர சில வினாடிகள் ஆயின. அந்தச் சீட்டில் பணத்தை விட்ட வீடுகள் எங்கள் தெருக்களில் உண்டு. முன்வரிசையில் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். எந்தக் கருவியானாலும் ஒரு வாரம் வீட்டில் நானே கடைசி வரை ஓட்டிப் பார்க்காமல் வகுப்புக்குள் கொண்டுவருவதில்லை என்று அன்று முடிவெடுத்தேன். இன்றுவரை மீறவில்லை.

பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடுகள் வேறு வகை. 2018இல் தொடங்கிய புதிய பாடத்திட்டப் புத்தகங்களில் அவை வந்தன. அவற்றின் வழியே வரும் காணொளிகள் எனக்குத் தயாரித்துக்கொள்ள உதவுகின்றன. பாடத்தின் கடைசியில் இணையச் செயல்பாடு என்று வரும் பக்கங்களும் அப்படியே. ஆனால் அவை காட்டும், கேட்காது. எனக்குக் கேட்கிற ஒன்று தேவைப்பட்டது. இது எனக்குப் புரிந்தது பள்ளியில் அல்ல, 29சி பஸ்ஸில்.

எனக்காகப் படித்த இந்தி

ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் பையனின் அப்பா வந்திருந்தார். வேலை இடத்துத் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது, அவருக்குத் தமிழ் எண்ணிக்கையும் “சரி சார்” என்பதும் தெரியும். நான் சொன்னதைப் பையனே அப்பாவுக்கு மொழிபெயர்த்தான். “இவன் வகுப்பில் பேசுவதே இல்லை” என்பதையும் அவனே சொல்ல வேண்டியிருந்தது. தன்னைப் பற்றிய புகாரைத் தானே தன் அப்பாவிடம் எடுத்துச் சொல்லும் நிலைமைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளியது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அடுத்த கூட்டத்துக்குள் நாலு வாக்கியமாவது நானே பேச வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அதற்காகப் போனில் ஆங்கி என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டேன். 2006 முதல் இருக்கிறது. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று நாமே சீட்டுகள் தயாரிக்கலாம். சீட்டைப் பார்த்து மனதுக்குள் பதில் சொல்லிவிட்டுப் புரட்டிப் பார்த்து, சுலபமாக வந்ததா, திணறினோமா, மறந்தேபோனதா என்று குறிக்க வேண்டும். சுலபமானது பல நாள் கழித்து வரும், மறந்தது உடனே திரும்பி வரும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாட்களில் பதினைந்து.

மூன்றாம் நாள்தான் அதிர்ந்தேன். படித்தபோது “தெரியும்” என்று தோன்றிய வார்த்தைகளில் பாதி காணவில்லை. திணறித் திணறி நினைவுக்குக் கொண்டுவந்தவை மட்டும் நின்றிருந்தன. இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் அர்த்தமற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885இலேயே வெளியிட்டார். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படிப்பதைக் குறைத்துக்கொண்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பி.எட். படித்தபோது இவற்றை நானும் எழுதித் தேர்ச்சி பெற்றிருப்பேன். என் தலையிலேயே நடந்து பார்த்தபோதுதான் ஏறியது. நாங்கள் ரிவிஷன் என்று செய்வது பெரும்பாலும் மறுபடி படிக்கவைப்பது. அது அன்றைக்குப் பிள்ளைக்கும் எனக்கும் நிம்மதி தருகிறது, அவ்வளவே.

எனக்கு ஆங்கி செய்வதை 38 பேருக்கும் எப்படிச் செய்வது? ஒரே போனை வைத்துக்கொண்டு எல்லாரிடமும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பதில் வாங்க முடியுமா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடிய இரவில்தான் பிளிக்கர்ஸ் என்ற செயலி கிடைத்தது.

அட்டை

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் அட்டை. நடுவில் க்யூஆர் குறியீடு போன்ற கறுப்புக் கட்ட வடிவம். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. பதிலுக்குரிய எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போதும். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால், எந்த எண் அட்டை எந்தப் பதிலைக் காட்டுகிறது என்று போனில் பதிவாகும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு, எழுத்தோ பொடி. அதனால் பக்கத்து அட்டையைப் பார்த்து அதே மாதிரி பிடித்தாலும் பதில் மாறிவிடும். பிள்ளையின் கையில் போன் வேண்டாம், டேட்டா வேண்டாம், செயலியில் தனிக் கணக்கும் வேண்டாம்.

அடிப்படைத் தொகுப்பில் 40 அட்டை. தாளுக்கு இரண்டு வீதம் 20 தாள். பள்ளி எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, கிழியாமல் இருக்கட்டும் என்று லேமினேட் செய்துவிட்டேன். அது தவறு. டியூப்லைட் வெளிச்சம் பளபளப்பில் பட்டுத் தெறித்ததில், கேமராவுக்குப் பாதி அட்டை தெரியவில்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தடித்த சார்ட் பேப்பர் வாங்கி, புதிதாக அச்செடுத்த தாள்களை அதில் பசை போட்டு ஒட்டினேன். அந்த அட்டைகள்தான் இப்போதும் ஓடுகின்றன. விரல் கட்டத்தை மறைக்காமல் ஓரத்தைப் பிடிக்கப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பழக்கம் தேவைப்பட்டது. “மிஸ், என் கார்டு தெரியுதா?” என்ற கூச்சல் ஒரு வாரத்தில் அடங்கியது.

செயலியில் பெயர் எதையும் ஏற்றவில்லை, வெறும் எண்கள்தான். எந்த எண் யாருடையது என்பது என் குறிப்பேட்டில் கையால் எழுதியிருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு பிள்ளை எந்தக் கேள்வியில் தவறினான் என்ற பட்டியல் அவன் பெயரோடு எங்கோ ஒரு கணினியில் கிடக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை

மின்னோட்டவியல் பாடம். ஓம் விதி முடித்து, ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் தொடரிணைப்பும் நடத்தியாயிற்று. “தொடரிணைப்பில் மின்னோட்டம் எங்கும் சமம்” என்று எல்லாருக்கும் மனப்பாடம். நான் சுவரில் காட்டிய படம் எளிது: ஒரு மின்கலம், ஒரு சாவி (சுவிட்ச்), ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் அடுத்தடுத்து. எது அதிகமாக ஒளிரும்? ஏ, முதல் பல்பு. பி, இரண்டாவது. சி, இரண்டும் சமம். டி, எதுவும் எரியாது.

முதலில் வழக்கப்படி வாயால் கேட்டேன். ஐந்து கை எழுந்தது, ஐந்தும் “சமம் மிஸ்”. பழைய நாளாக இருந்தால் “வெரி குட்” சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போயிருப்பேன்.

பிறகு அட்டையைத் தூக்கச் சொன்னேன். ஏ 21. பி 2. சி 11. டி 4.

பாதிக்கு மேற்பட்ட வகுப்பு, “எங்கும் சமம்” என்று ஒப்பித்துக்கொண்டே, முதல் பல்பு கொஞ்சம் மின்னோட்டத்தைத் தின்றுவிடும், மிச்சம்தான் இரண்டாவதுக்குப் போகும் என்று நம்பிக்கொண்டிருந்தது. உலகம் முழுவதும் இயற்பியல் ஆசிரியர்கள் சந்திக்கும் தவறான கருத்துதான் இது. என் வகுப்பில் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். விடையைச் சொல்லாமல், “பக்கத்தில் இருக்கிறவரிடம் உங்கள் பதில் ஏன் சரி என்று சொல்லுங்கள்” என்றேன். இந்த முறை என்னுடையதல்ல. ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்தது. கேள்வி, தனித்தனிப் பதில், பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி பதில் என்று போகும். அட்டை இருந்தால் தமிழ்வழி வகுப்பிலும் அப்படியே நடக்கிறது, சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். “என்ன டீச்சர், யாரும் இல்லையோன்னு நினைச்சேன்” என்றார்.

பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்தபோது ஒரு பையன் சொன்னது காதில் விழுந்தது: “எங்க தெருவுல முதல் வீட்டுக்குத்தான்டா தண்ணி நல்லா வரும். எங்க வீடு கடைசி. சொட்டு சொட்டாத்தான் வரும்.”

நான் அப்படியே நின்றுவிட்டேன். மின்னோட்டத்தைக் குழாய்த் தண்ணீரோடு ஒப்பிட்டுத்தான் வருடக்கணக்காக நடத்துகிறேன். மெட்ரோ வாட்டர் குழாயில் காலையில் குடம் வைத்துக் காத்திருக்கும் பிள்ளைக்கு, குழாய் என்றால் முதல் வீட்டுக்கு அதிகம், கடைசி வீட்டுக்குக் கொஞ்சம். அவன் அனுபவம் பொய்யில்லை. தெருக் குழாயில் ஒவ்வொரு வீடும் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது. பல்பு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்வதில்லை, அதன் வழியே ஆற்றல் மாறுகிறது, மின்னோட்டம் முழுசாக மறுபக்கம் வந்து மின்கலத்துக்குத் திரும்புகிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் உவமையை மட்டும் கொடுத்து, தவறான எண்ணத்தை நானே ஊன்றியிருக்கிறேன்.

டி சொன்ன நான்கு பேரிடம் தனியாகக் கேட்டேன். ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “பல்புக்கு மின்தடை இருக்குன்னு சொன்னீங்கல்ல மிஸ். மின்தடைன்னா கரண்ட் வராது.” செய்தித்தாளில் “நாளைய மின்தடை” என்று வரும், கொளத்தூர், அயனாவரம் என்று பகுதிப் பெயர்கள் இருக்கும். அவள் அந்த வார்த்தையை அங்கேதான் முதலில் படித்திருக்கிறாள். பாடநூல் அதே வார்த்தையை வேறு பொருளில் வைத்திருப்பது எனக்கு இத்தனை வருடம் உறுத்தவே இல்லை. பரீட்சையில் மின்தடை என்றுதான் எழுத வேண்டும், அதனால் சொல்லை மாற்ற முடியாது. கரண்ட் நின்றுபோனால் மின்வெட்டு, மின்னோட்டத்துக்கு இருக்கும் எதிர்ப்பு மின்தடை என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதி ஒரு வாரம் அழிக்காமல் வைத்தோம்.

சி காட்டிய 11 பேரில் 23ஆம் எண் அட்டையும் இருந்தது. பீகார் பையனுடையது. வாதத்துக்குப் பிறகு இரண்டாவது முறை அட்டை தூக்கியபோது சி 24 ஆனது. 23ஆம் எண் அப்படியே சியில் நின்றது.

அடுத்த இரண்டு வாரப் பதிவைக் குறிப்பேட்டில் வைத்து அவனுடையதை மட்டும் பார்த்தேன். படம் வைத்துக் கேட்டதெல்லாம் சரி. நீண்ட வாக்கியமாகக் கேட்டதெல்லாம் தவறு. அவனுக்கு இயற்பியல் தெரியும், என் வாக்கியம் தெரியவில்லை.

சுவரில் எரிந்த பல்பும் கையில் எரிந்த பல்பும்

கணினித் திரையிலேயே இயக்கிப் பார்க்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செய்முறைகள் பலருக்குத் தெரிந்திருக்கும். இயற்பியலுக்கான நோபல் பரிசை 2001இல் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் இணையம் இல்லாமலே ஓடும், விளம்பரம் கிடையாது, மொழியை மாற்றிக்கொள்ளலாம். மின்சுற்று செய்முறையில் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீலப் பொட்டுகளாக நகர்வது தெரியும். முதல் பல்புக்கு முன்னும் இரண்டாவது பல்புக்குப் பின்னும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் வைத்துக் காட்டினேன். ஒரே அளவு. முடிந்தது என்று நினைத்தேன்.

பின்பெஞ்சிலிருந்து ஒருவன்: “கம்ப்யூட்டர்ல நம்ம என்ன எழுதி வெச்சாலும் அதத்தானே மிஸ் காட்டும்?”

இந்த ஆண்டு என் வகுப்பில் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அது. அவனுக்கு என்னால் வாயால் பதில் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய் டார்ச் பல்புகள், ஹோல்டர், மின்கலப் பெட்டி, கம்பி வாங்கி வந்தேன். திங்கட்கிழமை மேசை மேல் இணைத்தேன். ஜன்னல் சார்ட்டை இழுத்து மூடி, சாவியைப் போட்டால், முதல் பல்பு நன்றாக எரிகிறது. இரண்டாவது மங்கல்.

வகுப்பு ஆர்ப்பரித்தது. ஏ சொன்னவர்கள் எழுந்து நின்றார்கள். கடையில் ஒரே வகை என்று சொல்லித் தரும் பல்புகளின் இழை ஒரே அளவாக இருப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண், “ரெண்டையும் இடம் மாத்திப் போடுங்க மிஸ்” என்றாள். அவளையே கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். இப்போது முதல் இடத்தில் மங்கல், இரண்டாவது இடத்தில் வெளிச்சம். நன்றாக எரிந்த பல்பு எங்கே போனாலும் நன்றாக எரிந்தது. “அப்ப இடத்துல ஒண்ணும் இல்ல, பல்புலதான் இருக்கு” என்றான் தண்ணீர்க் குழாய்ப் பையன்.

அதன் பிறகு ஃபெட்டுக்குத் திரும்பி, ஒரு பல்பின் மின்தடையை மட்டும் கூட்டிக் காட்டினோம். மேசையில் பார்த்தது சுவரிலும் வந்தது. மின்னோட்டம் இரண்டிலும் ஒன்றுதான், மின்தடை கூடிய பல்பில் அதிக ஆற்றல் வெளிப்படுவதால் அது அதிகமாக ஒளிர்கிறது. செய்முறையை முதலில் காட்டி நிஜ பல்பைப் பின்னால் கொண்டுவந்த என் வரிசை தவறு. நிஜ பல்பு கேள்வியை எழுப்ப வேண்டும், திரை அதன் பின்பு உள்ளே என்ன நடக்கிறது என்று காட்ட வேண்டும். அடுத்த ஆண்டு அப்படித்தான் செய்வேன்.

அந்த வாரமே ஒரு கேள்வித்தாளை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு இந்தியாக்கினேன், பீகார் பையனுக்காக. மின்தடை வந்த இடத்தில் மின்சாரம் துண்டிப்பு என்ற பொருளில் இந்தி வந்து நின்றது. ஆங்கியில் ‘பிரதிரோத்’ என்ற வார்த்தையை நான் படித்திருக்காவிட்டால் அது தவறென்றே தெரிந்திருக்காது, அப்படியே அச்செடுத்துக் கொடுத்திருப்பேன். அதற்குப் பதிலாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பில் ஃபெட் செய்முறையை இந்திக்கு மாற்றி அவன் முன்னால் வைத்தேன். பத்து நிமிடத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். திரையில் இந்தி, அவன் வாயில் மைதானத்துத் தமிழ்: “இங்க பாரு, உள்ள போறதும் வெளிய வர்றதும் ஒண்ணுதான்டா. எங்கயும் கொறையல.”

அக்டோபர் கூட்டத்தில் அவன் அப்பாவிடம் நானே நாலு வாக்கியம் பேசினேன். பையனை வெளியே நிற்கச் சொல்லியிருந்தேன்.

இடைவெளி விட்டுக் கேட்பது

ஒரு கேள்வியைக் கேட்ட மறுநாள் ஒரு முறை, பிறகு மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று கேட்கிறேன். படம் மாறும், எழுத்து மாறும், கருத்து ஒன்றே. ஒரு பீரியடில் மூன்று கேள்விக்கு மேல் போவதில்லை, மொத்தம் ஏழெட்டு நிமிடம். இந்த நிமிடங்களுக்கு விலை உண்டு. “போர்ஷன் முடியுமா டீச்சர்?” என்று தலைமையாசிரியர் கேட்டது நியாயமான கேள்விதான். பத்தாம் வகுப்பு, மார்ச்சில் பொதுத்தேர்வு. நோட்ஸ் சொல்லி எழுதவைப்பதை நிறுத்தினேன். தட்டச்சு செய்து பிரதி எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். நேரம் அங்கிருந்து வந்தது.

இதற்காகவே தமிழ்99 விசைப்பலகையையும் ஒழுங்காகக் கற்றேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த முறை. உயிர் இடக்கையில், அடிக்கடி வரும் மெய்கள் வலக்கையில். என் பழைய வினாத்தாள்கள் எல்லாம் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருவில் இருந்தன. வேறு கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரியும். எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவர ஒரு தீபாவளி விடுமுறை பிடித்தது. இப்போது ‘மின்தடை’ என்று தேடினால் பத்து வருடத்துக் கேள்விகளும் வருகின்றன.

போனே இல்லாமல் விரலால் காட்டச் சொன்னால் போதாதா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நெஞ்சருகே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு விரல். செய்து பார்த்தேன், பாதி வேலை நடக்கிறது. கண் பக்கத்து விரலுக்குப் போகிறது, யார் என்ன சொன்னார்கள் என்ற பதிவு நிற்பதில்லை. ஆனால் போனில் டேட்டா தீர்ந்த நாளில் நானும் விரலைத்தான் நம்புகிறேன். “புரிஞ்சுதா?” என்று கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.

காலாண்டுத் தேர்வுக்கு முன்பு இரண்டு பல்புக் கேள்விக்கு அநேகமாக எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். தீபாவளி முடிந்து வந்து கேட்டபோது சரிந்திருந்தது. பக்க இணைப்பு நடத்திய குழப்பமும் சேர்ந்துகொண்டது. அங்கே கிளையில் மின்னோட்டம் பிரிகிறது, அதைத் தொடரிணைப்புக்கும் ஏற்றிவிட்டார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி வாதம் நடத்தினோம். தெருக் குழாய் எந்தப் படத்துக்குப் பொருந்தும் என்று அவர்களே சண்டை போட்டார்கள்.

இதை எழுதுவது பொங்கல் விடுமுறையில். விடுமுறைக்கு முந்திய நாள் அதே கேள்வியைக் கடைசியாகக் கேட்டேன். சி 31, டி 1, ஏ 6. அந்த ஆறு எண்ணையும் குறிப்பேட்டில் பெயரோடு பொருத்திப் பார்த்தேன். அதில் இரண்டு பேர் யூனிட் டெஸ்டில் “தொடரிணைப்பில் மின்னோட்டம் சமம்” என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள். பள்ளி திறக்கும் திங்கட்கிழமை, சாப்பாட்டு மணிக்குப் பிறகு, அந்த ஆறு பேரோடும் மின்தடை இன்னும் மின்வெட்டாகவே இருக்கும் அந்த ஒரு பெண்ணோடும் டார்ச் பல்புகளை எடுத்துக்கொண்டு உட்காரப் போகிறேன். பல்பை மாற்றிப் போடப்போவது அவர்கள் கைகள்தான்.